இடிந்த கொட்டகையும் இடியாத கடனும்

மனிதன் தனக்குச் சொந்தமான பொருள்களை மட்டும் இழப்பதில்லை; சொந்தமில்லாதவற்றையும் இழக்கிறான். சொந்தப் பொருள் போனால் வழக்கு உண்டு, ஈடு உண்டு, ஆறுதல் கூற உறவினர் உண்டு. சொந்தமில்லாததை இழந்தவன் எவரிடம் சென்று முறையிடுவான்? பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வடபுலம் வந்து வாழும் நம்மிடையே இவ்வகை இழப்பு மிகுதி. விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பிய நண்பர், விளைச்சல், மழை, திருமணம், சாவு என்று ஊர்ச் செய்திகளை அடுக்கிவந்து, இடையே, "நம் தெருக் கொட்டகையை இடித்துவிட்டார்கள்" என்பார். கேட்டவர் முகம் சற்றே வாடும். நெருங்கியவர் ஒருவர் மறைந்த செய்தி கேட்டாற்போல ஒரு மௌனம் நிலவும்.

அந்த வாட்டம் நியாயமானதுதானா? கொட்டகை அவர் கட்டியதன்று; அவர் பாட்டனார் நிலத்தில் எழுந்ததன்று. கொடுத்த காசுக்கு மூன்று மணிநேரம் படம் பார்த்தார். கணக்கு அன்றே தீர்ந்தது. மேலும் அவர் அவ்வூரை விட்டு வந்து இருபது, முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. விட்டுச் சென்றவனுக்கு, விட்ட பொருள் அப்படியே இருக்கவேண்டும் என்று கேட்க உரிமை உண்டா? உரிமை இல்லையெனில், அவ்வருத்தத்திற்குப் பெயர் என்ன? இவ்வினாவை, தமிழகத்தின் பழைய திரையரங்கு ஒன்றன் வரலாற்றைத் துணையாகக் கொண்டு ஆராய்வது பொருத்தம். அதற்குக் கோயமுத்தூர் வெரைட்டி ஹாலைவிடத் தக்கதொரு சான்று கிடைப்பது அரிது.

ஒரு ரயில்வே எழுத்தரின் துணிவு

வெரைட்டி ஹாலைக் கட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1883-ல் கோவையில் பிறந்த இவர், திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவுப் பணி செய்த எழுத்தர். நம்மில் பலரைப் போலவே மாதச் சம்பளக்காரர். மேலதிகாரியின் மணியோசைக்கு எழுந்து நின்றவர். 1905-ல் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் சலனப்படக் கருவியோடும் சில படச்சுருள்களோடும் ஊரூராகக் காட்சி நடத்திவந்தார். திருச்சிக்கு வந்தபோது உடல்நலம் குன்றியமையால் கருவியை விற்றுவிட்டுத் தாய்நாடு திரும்ப எண்ணினார். இருபத்திரண்டு வயது நிரம்பிய ரயில்வே எழுத்தர் அதனை விலைக்கு வாங்கினார். அன்றைய எழுத்தர் சம்பளத்தில் பல ஆண்டு வருவாய்க்கு ஒப்பான தொகை அது. நிலையான வேலையைத் துறந்து, கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாத நிழலை நம்பி அவர் புறப்பட்டார் என்பதை நினைக்குந்தோறும் வியப்பே மேலிடுகிறது.

இயேசுநாதர் வாழ்க்கையைக் காட்டும் ஊமைப்படமும் வேறு சில சிறு படங்களுமே அவர் மூலதனம். கூடாரம் அமைத்துக் காட்சி நடத்தித் தென்னாட்டு ஊர்களெல்லாம் சென்றார்; பின்னர் வடக்கே எல்லைப்புற நகரங்கள் வரையிலும் போய்வந்தார். ஆகவே பிழைப்பின் பொருட்டு நாடு சுற்றிய தமிழருள் அவரும் ஒருவர். நமக்கும் அவருக்கும் வேற்றுமை ஒன்றுண்டு. அவர் திரும்பினார். திரும்பிவந்து தம் ஊரில் நிலையான அரங்கம் ஒன்றை 1914-ல் எழுப்பினார். அதுவே வெரைட்டி ஹால். தென்னாட்டில் இந்தியர் ஒருவர் கட்டிய தொடக்ககாலத் திரையரங்குகளுள் அது முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுகிறது.

அக்காலத்தில் கோவையில் பொது மின்வசதி இல்லை. பைக்காரா மின்சாரம் வந்து, அதன் பயனாய் ஆலைகள் பெருகியது 1932-க்குப் பிறகே. வின்சென்ட் தாமே எந்திரம் வைத்து மின்சாரம் உண்டாக்கி அரங்கை நடத்தினார். அதே மின்சாரத்தைக் கொண்டு அச்சகமும் மாவு ஆலையும் இயக்கினார். படம் பார்க்க வந்தோருள் மின்விளக்கையே முதன்முறையாகக் கண்டு வியந்தவர் பலராக இருந்திருப்பர். படம் பேசத் தொடங்கியபின் அவர் படத்தயாரிப்பிலும் இறங்கினார். கல்கத்தா பயனீர் நிறுவனத்தோடு சேர்ந்து 1933-ல் அவர் வெளியிட்ட "வள்ளி திருமணம்", டி. பி. ராஜலட்சுமி நடித்துப் பெருவெற்றி கண்டது. கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ எழுந்தபோது அம்முயற்சியிலும் பங்கு கொண்டார். 1942-ல் மறைந்தார்.

அரங்கு நின்றது. பின்னாளில் "டிலைட்" என்று பெயர் மாறியது. கடைசிக் காலத்தில் பழைய படங்களைக் குறைந்த கட்டணத்தில் காட்டி, உழைத்துக் களைத்தவர்களுக்கும், வேறு போக்கிடம் இல்லாத முதியோர்க்கும் புகலிடமாய் விளங்கியது. அண்மை ஆண்டுகளில் அதுவும் இடிக்கப்பட்டது. ஆயினும் டவுன்ஹால் பகுதியில் அத்தெருவின் பெயர் இன்றும் வெரைட்டி ஹால் சாலை. அங்குள்ள காவல் நிலையத்திற்கும் அதுவே பெயர். அரங்கு தன் பெயரைத் துறந்தது. பின்னர் உடலையும் துறந்தது. தெரு மட்டும் அப்பெயரை விடாமல் சுமந்து நிற்கிறது.

ஒரு கூரையின் கீழ்

இனி அக்கட்டடத்தின் உள்ளே நடந்ததைக் கருதுவோம். ஏனெனில் சுவருக்காக எவரும் வருந்துவதில்லை. சுவருக்குள் நிகழ்ந்தவற்றுக்காகவே வருந்துகிறோம்.

நம் நாட்டில் பலர் கூடும் இடங்கள் பண்டு தொட்டு உண்டு. கோயில் உண்டு, மன்றம் உண்டு, அரசவை உண்டு. அரங்கின் நீள அகலங்களையும், தூண் நிழல் விழாதவாறு விளக்கு வைக்கும் முறையையும், திரைச்சீலை வகைகளையும் சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையில் விரித்துரைக்கிறது. ஆனால் அவ்விடங்களிலெல்லாம் எவர் நுழையலாம், எவர் எங்கு நிற்கலாம், எவர் வாயிலுக்கு அப்பால் நின்று கும்பிட்டுத் திரும்பவேண்டும் என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்த நாடு இது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் அழைத்துச் செல்லப்பட்டது 1939-ல். வெரைட்டி ஹால் அதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் முற்பட்டது.

திரைப்படக் கொட்டகை வாயிலில் நின்றவன், "உன் காசு எங்கே?" என்று கேட்டான். "நீ யார் மகன்?" என்று கேட்பது அவன் தொழிலன்று. ஈழத்துத் தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழ்த் திரைப்படத்தின் அரசியல் பயனை ஆராய்ந்து 1981-ல் வெளியிட்ட ஆங்கில நூலில் இதனை எடுத்துக் காட்டினார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை காணும் நிலை திரையரங்கில்தான் முதன்முதல் ஏற்பட்டது என்பதும், அங்கே இருக்கையை முடிவு செய்தது குலம் அன்று, வாங்கும் ஆற்றலே என்பதும் அவர் கருத்து. எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இது மாசின்றி நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஊரில் உள்ள வேற்றுமை கொட்டகை வாயிலில் செருப்பைப்போல் கழன்றுவிடாது. ஆயினும் விதி மாறியது. விதி மாறினால் வழக்கமும் பின்னால் மெல்ல நடந்து வந்தே தீரும்.

காசால் வரும் சமத்துவம் சமத்துவமா என்று கேட்கலாம். தக்க கேள்வியே. தரை டிக்கெட், பெஞ்சு, நாற்காலி, சோபா என்று அங்கும் நான்கு வருணம் இருந்தது. பெண்களுக்குத் தடுப்பு வைத்துத் தனிப்பகுதி ஒதுக்கினார்கள். எனினும் பிறப்பால் வந்த படிக்கும் காசால் வந்த படிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னது வாழ்நாள் முழுதும் மாறாது. பின்னது அடுத்த வாரமே மாறலாம். கூலி கூடுதலாகக் கிடைத்த கிழமையில் ஆலைத் தொழிலாளி பெஞ்சில் அமர்ந்தான். செலவு மிகுந்த மாதத்தில் குமாஸ்தா தரைக்கு இறங்கினான். ஏறவும் இறங்கவும் இடமுள்ள படியை ஏணி எனலாம். அசையாத படிக்குச் சிறை என்றே பெயர்.

மற்றொன்றும் கருதத்தக்கது. கோயிலில் மூலவர்க்கு அருகே நிற்போர் பெரியோர். நாடகத்தில் முதல் வரிசை செல்வர்க்கு. திரையரங்கிலோ வரிசை தலைகீழானது. திரைக்கு மிக அண்மையில், தலையை நிமிர்த்தி, மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்தவன் மிகக் குறைந்த காசு கொடுத்தவன். செல்வர் பின்னே இருந்தார். அவர் கண்ட காட்சியின் கீழ்விளிம்பில் ஏழைகளின் தலைகளும் சேர்ந்தே தெரிந்தன. அவர்கள் சிரித்த பின்பே அவரும் சிரிப்பதுண்டு. விசில் ஒலி முன்னிருந்து எழுந்து பின்னோக்கிப் பரவும். விளக்கணைந்த பின்போ அழுகின்றவன் தரையா, சோபாவா என்று எவருக்கும் தெரியாது. எழுத்தறியாத தாயும் ஆங்கிலம் கற்ற மகனும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கண்கலங்கும் வாய்ப்பை அவ்விருள் நல்கியது.

இடித்தவர் யார்?

இத்தகைய அரங்கை அழித்தவர் யார் என்று ஒரு பகைவனைத் தேடினால் கிடைக்கமாட்டான். காரணங்கள் பல, ஒவ்வொன்றும் தன்னளவில் குற்றமற்றது. 1939-ல் சென்னை மாகாணத்தில் கேளிக்கை வரிச் சட்டம் வந்தது. அதுமுதல் அரங்கு உரிமையாளர் வரி வசூலிப்பவராகவும் ஆனார். 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. வெள்ளியன்று ஒலியும் ஒளியும், ஞாயிறன்று திரைப்படம் என்று வீட்டுக் கூடமே கொட்டகையாயிற்று. எண்பதுகளில் வீடியோ நாடா வந்தது. படச்சுருளும் கார்பன் விளக்கும் போய் எண்மக் கருவி வந்தபோது, அதனை வாங்கும் ஆற்றல் சிறு அரங்குகளுக்கு இல்லை. ரீல் மாற்றும் நேரத்தைக் கண்ணிமைக்காமல் காத்திருந்த ஆபரேட்டரின் கைத்திறனுக்கும் வேலையில்லாமற் போயிற்று. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரியோடு உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர்ந்ததால் தமிழகத்து அரங்குகள் சில நாள் கதவடைத்தன. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றின் காரணமாக மூடியவற்றுள் சில மீண்டும் திறக்கவே இல்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, நகர நடுவிலிருந்த நிலத்தின் விலை அங்கு ஓடிய எந்தப் படத்தின் வசூலையும் மிஞ்சிவிட்டது.

மதுரைத் தங்கம் திரையரங்கை நினைவுகூர்வோர் நம்மிடையே பலர் உளர். இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட இருக்கைகளோடு, ஆசியாவிலேயே பெரியது என்று பெயர் பெற்றது. 1952 தீபாவளியன்று "பராசக்தி" அங்கேதான் மதுரை மக்களுக்குக் காட்டப்பட்டது. இன்று அவ்விடத்தில் துணிக்கடை நிற்கிறது. சென்னை மவுண்ட் ரோட்டில் 1913-ல் தொடங்கிய எலக்ட்ரிக் தியேட்டரின் கதை வேறு. கட்டடம் அஞ்சல்துறை வசம் வந்து, அஞ்சல்தலைச் சேகரிப்போர்க்கான நிலையமாயிற்று. சுவர் பிழைத்தது, படம் போயிற்று. தலைநகரிலோ சாணக்கியா அரங்கு தனியார் சொத்துமன்று. புதுதில்லி நகராட்சிக்கு உரியது. 1970-ல் திறந்து, 2007 டிசம்பரில் கடைசிக் காட்சியை நடத்தி, மறு ஆண்டு இடிக்கப்பட்டது. இடிக்கலாகாது என்று நீதிமன்றம் சென்றவர்களும் வெல்லவில்லை. ஆகவே பொதுவுடைமையாக இருந்தால் மட்டும் ஓர் இடம் பிழைத்துவிடும் என்பதற்கும் உறுதியில்லை.

உரிமையா, உறவா?

இப்போது நம் வினாவுக்குத் திரும்புவோம். உரிமையாளர் பக்கம் நின்று பார்த்தால் அவர் வாதம் வலிமையானது. "ஆளில்லா அரங்கில் மின்விசிறி சுழல நான் கட்டணம் கட்டினேன். வரி கட்டினேன். ஊழியர்க்குச் சம்பளம் கொடுத்தேன். இன்று கண்ணீர் விடும் அன்பர் கடைசியாக டிக்கெட் வாங்கியது எந்த ஆண்டில்?" என்று அவர் கேட்டால் நம்மிடம் விடை இல்லை. நினைவு எவ்வளவு இனிதாயினும் அது வாடகை கொடுப்பதில்லை. பிறர் செலவில் தன் நினைவைப் பேணிக்கொள்ள விரும்புவது அறமாகாது.

ஊரில் தங்கியவர் பக்கம் நின்று பார்த்தாலும் நம் கட்சி மெலிகிறது. கொட்டகை இருந்த இடத்தில் எழுந்த துணிக்கடையில் அவ்வூர்ப் பெண்கள் வேலை செய்கிறார்கள். மாதம் பிறந்தால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. நாம் தலைநகரில் ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரையில் வாழ்ந்துகொண்டு, விடுப்புப் பயணச் சலுகையில் நான்காண்டுக்கு ஒருமுறை போய், "அந்தப் பழைய அழகெல்லாம் எங்கே?" என்று வினவுகிறோம். ஊர் என்ன, நமக்காகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த பொம்மையா? அங்கே வாழ்பவர்க்கு வாழ உரிமை உண்டு. வாழ்தல் என்பதே மாறுதல். புறப்பட்டபோது இருந்தவாறே எல்லாம் இருக்கவேண்டும் என்று எண்ணுவது பாசத்தின் வேடம் பூண்ட ஒருவகை ஆதிக்கம்.

வள்ளுவர் இதனை நன்கறிந்தவர். நிலையாமை அதிகாரத்தில், பெருஞ்செல்வம் வந்து சேர்வதைக் கூத்துக் காண மக்கள் மெல்லத் திரள்வதற்கும், அது நீங்குவதைக் கூத்து முடிந்ததும் ஒருங்கே கலைவதற்கும் அவர் ஒப்பிட்டார். உரையாசிரியர்கள் செல்வத்தின் நிலையாமையையே அதில் விளக்குவர். அவ்வுவமையில் எனக்குத் தோன்றும் மற்றொரு நயம் உண்டு. கூத்து முடிந்தால் கூட்டம் கலையத்தான் வேண்டும். கலையாத கூட்டம் கூட்டமாகாது, அது நெரிசல். வீடு திரும்புவதற்காகவே அரங்கிற்குச் செல்கிறோம். அவ்வாறாயின், கூத்தும் முடிந்து, கூட்டமும் கலைந்து, அரங்கும் மறைந்தபின் எஞ்சுவது யாது?

எஞ்சுவது கடன் என்பேன். தமிழில் கடன் என்னும் சொல் இரு பொருளும் தரும்: திருப்பிக் கொடுக்கவேண்டியதும் கடன், செய்தே தீரவேண்டியதும் கடன். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்த நம் முன்னோர் ஓர் உண்மையை உணர்ந்திருக்கவேண்டும். பெற்றவன் செய்யவேண்டும், கொடுத்தவனே எதிரில் இல்லாவிடினும் செய்யவேண்டும். உரிமை என்பது பிறரைப் பார்த்து "கொடு" என்கிறது. கடன் என்பது என்னைப் பார்த்து "செய்" என்கிறது. இடிந்த கொட்டகையைக் குறித்து நமக்கு உரிமை ஏதும் இல்லை. கடன் உண்டு. ஊர்ப்பெயர் கேட்டு நாம் முகம் வாடுவது, அக்கடன் இன்னும் தீரவில்லை என்று உள்ளம் உணர்வதாலேயே.

பெற்றது என்ன என்பதை முன்னரே கண்டோம். காசு கொடுத்து வாங்கிய படம் அன்றே தீர்ந்துபோயிற்று. காசுக்கு மேலாக, கேளாமலே கிடைத்தது, பலரோடு ஒரு கூரையின்கீழ் அமரும் பயிற்சி. பக்கத்திலிருப்பவன் எவன் என்று அறியாமலே அவனோடு சேர்ந்து அழவும் சிரிக்கவும் கற்ற பயிற்சி. அந்தக் கல்விக்கு நாம் கட்டணம் செலுத்தியதில்லை.

கடன் தீர்க்கும் இடம்

இக்கடனை எங்கே தீர்ப்பது? கோவைக்கோ மதுரைக்கோ போய்த் தீர்க்க முடியாது. பெற்ற இடம் அங்கே இல்லை. வாழும் இடத்தில்தான் தீர்க்கவேண்டும். இங்கே நமக்கு உள்ள ஒரே பொதுக்கூரை நம் தமிழ்ச் சங்க அரங்குகள். பொங்கல், ஆண்டு விழா, இசை, நாடகம், பட்டிமன்றம், இடையிடையே திரைப்படம் என்று நாம் ஒன்றுகூடுவது அங்கேயே. அக்கூரையின்கீழ் நாம் எவ்வாறு அமர்கிறோம் என்பதை ஒருகணம் எண்ணிப் பார்ப்பது தகும்.

அரசுப் பணியில் இருப்போர்க்குக் குடியிருப்புகளே தரம் பிரித்துக் கட்டப்படுகின்றன. முதல் வகை, இரண்டாம் வகை, நான்காம் வகை என்று வீட்டுச் சுவரிலேயே பதவி எழுதியிருக்கிறது. நாம் பழகும் நண்பர், பிள்ளைகள் விளையாடும் திடல், காய்கறி வாங்கும் சந்தை எல்லாம் அவ்வகையை ஒட்டியே அமைகின்றன. மாலையில் சங்க அரங்கிற்கு வருகையில் அந்த வகையையும் கூடவே கொண்டுவருகிறோம். முதலிரு வரிசைகளில் மெத்தை நாற்காலி; அவற்றின்மேல் பெயர்ச்சீட்டு. இணைச் செயலர்க்கு ஓரிடம், நன்கொடையாளர்க்கு ஓரிடம். அவர்கள் வரும்வரை விழா தொடங்குவதில்லை. வந்தபின் பாதியில் எழுந்து செல்வதும் உண்டு. அப்போதும் அந்நாற்காலி காலியாகவே இருக்கும், பின்னால் நிற்பவர் அதில் அமர்வதில்லை. எந்தச் சங்கத்தையும் குறித்து நான் இதைக் கூறவில்லை. எல்லா இடத்திலும் உள்ள வழக்கமே இது. கொட்டகையில் முன்வரிசை காசில்லாதவனுக்கு இருந்தது. நம் அரங்கில் காசில்லாதவன் எங்கே?

அவன் இந்நகரில் இல்லாமலில்லை. வீட்டு வேலைக்கும் துப்புரவுப் பணிக்கும் தமிழகத்திலிருந்து வந்த ஏழைக் குடும்பங்கள் பல தலைமுறையாகத் தில்லியில் வாழ்கின்றன. ஜங்புரா அருகே பாராபுல்லா வடிகால் ஓரத்தில் மதராசி கேம்ப் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. நீதிமன்ற ஆணையின்படி, வடிகாலைத் தூர்வாரி அகலப்படுத்தும் பொருட்டு, 2025 ஜூன் முதல் நாள் அது இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். அவற்றுள் சுமார் பாதிக் குடும்பங்களுக்கே மாற்று வீடு பெறும் தகுதி உண்டென அறிவிக்கப்பட்டது. அதுவும் நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில். அங்கிருந்து வேலை செய்யும் வீடுகளும் தொலைவு. பிள்ளைகள் தமிழ் பயிலும் பள்ளிகளும் தொலைவு. வெள்ளம் வராமல் நகரைக் காப்பது அரசின் கடமை என்பதை நான் மறுக்கவில்லை. நான் கேட்பது நம்மைப் பற்றியது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கொட்டகை இடிந்ததற்கு நாம் சிந்தும் கண்ணீரில், நாம் வாழும் நகரிலேயே தமிழ் பேசும் மக்களின் கூரை இடிந்ததற்குரிய பங்கு எவ்வளவு? அவர்களுள் எத்தனை பேரை நம் விழா மண்டபத்தில் பார்த்திருக்கிறோம்? வாயிலில் எவரும் தடுப்பதில்லை என்போம். உண்மையே. அழைப்பிதழ் போகாத வீட்டிற்குத் தடை போடவேண்டிய தேவையும் இல்லை.

சங்கங்கள் நற்பணி செய்யவில்லை என்பது என் கருத்தன்று. தமிழ் வகுப்பு நடத்துவோரும், நோயாளிக்கு மருத்துவமனையில் மொழித்துணையாய் நிற்போரும், இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்ப ஓடியாடுவோரும் நம்மிடையே இருக்கிறார்கள். துன்பத்தில் கை கொடுக்க நமக்குத் தெரியும். இன்பத்தில் பக்கத்தில் அமர்த்திக்கொள்வதே நமக்கு இன்னும் வரவில்லை. உதவி பெறுபவன் கீழே நிற்கிறான். உடனிருந்து சிரிப்பவன் ஒப்ப நிற்கிறான். கொட்டகை நமக்குக் கற்றுக்கொடுத்தது இந்த இரண்டாவதை.

ஆகவே நான் பெரிய திட்டம் எதனையும் முன்வைக்கவில்லை. எழுத்தனாகப் பணிபுரிபவனுக்குக் கோப்பில் ஒரு சிறு குறிப்பு எழுதத்தான் தெரியும். அடுத்த ஆண்டு விழாவில் முதலிரு வரிசைகளின் பெயர்ச்சீட்டுகளை எடுத்துவிடுவோம். முதலில் வருபவர் முதலில் அமரட்டும். முதியோர்க்கும் நடக்க இயலாதவர்க்கும் மட்டும் இடம் ஒதுக்குவோம். ஆண்டில் சில ஞாயிறுகளில் நல்ல தமிழ்ப் படம் ஒன்றைக் கட்டணமின்றிக் காட்டுவோம். நரேலாவிற்கு ஒரு பேருந்து அனுப்பி அங்குள்ள குடும்பங்களை அழைத்துவருவோம். திரைக்கு முன்னே ஒரு ஜமக்காளம் விரித்து வைப்போம். சிறுவர் எவர் வீட்டுப் பிள்ளையாயினும் அங்கே கலந்து அமரட்டும். சிறப்பு விருந்தினர் அவர்களுக்குப் பின்னே அமர்ந்து படம் பார்த்தால் அவர் சிறப்புக் குறைந்துவிடாது.

இதற்கு ஆகும் செலவு ஒரு மாலைச் சிற்றுண்டிச் செலவைவிட மிகுதியன்று. தடை ஒன்று உண்டெனில் அது நம் மனத்தில் உள்ள வரிசை எண்தான். வின்சென்ட் என்னும் ரயில்வே எழுத்தர் தம் சேமிப்பையும் வேலையையும் பணயமாக வைத்து ஊருக்கு ஒரு பொதுக்கூரை அமைத்தார். அத்தகைய துணிவு எல்லாருக்கும் வாய்க்காது. முதல் வரிசை நாற்காலியை விட்டு எழுந்து பின்னே செல்லும் அளவுக்கேனும் துணிவு நமக்கு வேண்டும். நிகழ்ச்சிக் குழுவினர் இவ்வாண்டே இதனைக் கருதுவார்கள் என்று நம்புகிறேன்.